பதினாறு வாசல் உள்ள நகரம்

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நீங்களும், அறுவை சிகிச்சை முடிந்த பெரியத்தையின் முழங்காலும் நலம் என நம்புகிறேன். இங்கே நான் நலம். வீடு பெரும்பாலும் நலம்.

நேற்று போனில் "எல்லாம் அப்படியே இருக்கா?" என்று கேட்டீர்கள். "இருக்கு அத்தை" என்றேன். வாய் முந்திக்கொண்டது. அதனால் கடிதம்.

நீங்கள் வைத்தது ஒரே நிபந்தனை. படிப்பு முடியும்வரை இங்கேயே தங்கலாம். துணி வெட்டும் மேசையைத் தொட்டால் விடுதிக்குப் பெட்டி கட்ட வேண்டும்.

தொட்டுவிட்டேன்.

கல்லூரியில் எதிர்கால நகரத்தை வடிவமைக்கும் போட்டி. எங்கள் அணியில் மூன்று பேர். நான், எதையும் இரண்டு முறை அளக்கும் தோழி அளவுகோல், எதையுமே அளக்காத நண்பன் வாத்து. எட்டடிக்கு நாலடி இடம் வேண்டியிருந்தது, உங்கள் தையல் அறையில் அது காலியாக இருந்தது, மேசைமேல் ஒட்டியிருந்த போர்வையில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடியது, "நிலமே ஆறு கேக்குது" என்று நான்தான் சொன்னேன், அந்தப் பள்ளத்தில் தண்ணீர்போல் தெரியும் பிசினை ஊற்றினோம், இரு கரையிலும் மூன்றடிக் கோபுரங்களை ஒட்டினோம், பத்து லட்சம் பேரும் பன்னிரண்டு நிமிடத்தில் வெளியேறப் பதினாறு வாசல் வைத்தோம், போட்டியன்று காலை மேசையைத் தூக்கினோம், அறையின் கதவு இரண்டரை அடி.

அளவுகோல் கதவை இரண்டு முறை அளந்தாள். இரண்டு முறையும் இரண்டரை.

சாய்த்தால் கோபுரம் இடிக்கும். ஆறு வேறு இன்னும் காயவில்லை, கரையோர மருத்துவமனைக்குள் புகுந்துவிடும். வாத்து கொத்தனாரைக் கூட்டி வந்தான்.

"என்னம்மா இது?"

"எதிர்கால நகரம்ணே."

"வெளிய போக வழி வைக்கலையா?"

"பதினாறு வாசல் இருக்கே."

"அது அவங்களுக்கு. உங்களுக்கு?"

ஜன்னல் போனது. ஜன்னலுக்குக் கீழே இருந்த சுவரும். எந்தப் பொறியாளர் வந்திருந்தாலும் வேறு வழி கண்டிருக்க மாட்டார் என்பதை உறுதியாகச் சொல்கிறேன்.

நடுவர் நகரத்தைச் சுற்றி வந்தார். "இத எப்படி வீட்ல இருந்து கொண்டு வந்தீங்க?"

"சுவத்த இடிச்சோம் சார்" என்றான் வாத்து.

நடுவர் வெகுநேரம் சிரித்தார். அவசரகால வெளியேற்றத்துக்கான சிறப்புப் பரிசு எங்களுக்கு. அடுத்த மாதக் கண்காட்சிவரை நாங்களே வீட்டில் வைத்திருக்க வேண்டுமாம், நகரத்தில் ஒரு கீறல்கூட விழக்கூடாதாம்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வருவதற்குள் சுவர் பழையபடி நிற்கும். கொத்தனார் வேலையைத் தொடங்கிவிட்டார். என் பெட்டியை நான் இன்னும் கட்டவில்லை. கட்ட வேண்டுமா என்று மட்டும் எழுதுங்கள்.

பெரியத்தையின் முழங்கால் நன்றாக மடங்கட்டும். உங்கள் கோபம் அதைவிட எளிதாக மடங்கட்டும்.

இப்போதைக்கு உங்கள் வீட்டில் இருக்கும்
அண்ணன் மகள்

பின்குறிப்பு, மாலையில்: கொத்தனாரின் கரண்டி மேசைக்கு அடியில் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் கேட்டார், "ஏம்மா, ஒரு மேசைக்கு எதுக்கு எட்டுக் காலு?" நானும் குனிந்தேன். அடிப்பலகையில் சாக்கட்டியால் உங்கள் கையெழுத்து: "நாலு போல்ட்டைக் கழற்றினால் ரெண்டு மேசை. ஒவ்வொன்றாகக் கதவு வழியாகக் கொண்டு போகவும்." ஆறு ஓடுவது அந்த இணைப்பின் மேலேதான். அன்று அது கூழாக இருந்தது, கத்தியால் கீறியிருந்தால் பிரிந்திருக்கும். இன்று கல்.

இதை நான் முற்றத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேசையும் என்னோடு முற்றத்தில்தான் இருக்கிறது. அதை உள்ளே வைக்காமலே சுவரை எழுப்பி முடித்துவிட்டோம்.

வரும்போது பெரிய குடையாக ஒன்று எடுத்து வாருங்கள். ஒரு மாதத்துக்கு நீங்கள் கோபுரங்களுக்கு நடுவே துணி வெட்டும்போது நான் பிடிக்கிறேன்.