மூன்றாந்தரம் கேட்காத பேராசிரியர்

"தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டவுடன் "ஓம்" என்று சொல்லுகிறவனை யாழ்ப்பாணத்தில் நன்றாக வளர்ந்த பிள்ளை என்று யாரும் சொல்லமாட்டார்கள். முதல்தரம் கேட்டால், "வேண்டாம், இப்பத்தான் குடிச்சனான்." (காலையிலிருந்து பச்சைத்தண்ணி பல்லில் படாவிட்டாலும்.) இரண்டாந்தரம், "சும்மா இருங்கோ, உங்களுக்கேன் வீண் கரைச்சல்." மூன்றாந்தரம் கேட்கும்போது கோப்பை கைக்கு வந்துவிடும். இந்தச் சட்டம் உலகம் முழுவதற்கும் பொது என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

எண்பதுகளின் கடைசி. ஆக்லாந்தில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு, தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் இரண்டு வருடம் பொறியியல் படித்து முடித்திருந்தேன். அடுத்தது கடல் தாண்டித் தெற்குத் தீவில் ஒரு பல்கலைக்கழகம். நான் படித்த பாடங்களை அவர்கள் ஏற்றுக்கொண்டால் நேரே மூன்றாம் வருடம். இல்லாவிட்டால் திரும்பவும் அரிச்சுவடி. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. ஊரில் பாதியில் விட்ட படிப்பைத் தொடர அக்காவுக்குக் கொள்ளை ஆசை. "தம்பி முடிக்கட்டும், பிறகு நான்" என்று பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவர் நேர்முகத்துக்காக ஆக்லாந்து வந்தார். அத்தான் தன் கோட்டைத் தந்தார். அத்தானுக்குள் என்னைப்போல இரண்டு பேர் இருக்கலாம். புறப்படும்போது அக்கா சொன்னாள்: "மரியாதையாக் கதை. ஆலாப் பறக்காதை."

நகர மையத்தில் மூன்றாம் மாடி அறை. பேராசிரியர் கைகுலுக்க வந்து, கோட்டின் கைக்குள் என் கையைக் கொஞ்சநேரம் தேடினார். நல்ல மனிதர். "தேநீர்?" என்றார். "வேண்டாம், நன்றி." உடனே தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டார்! பிஸ்கட் தட்டை நீட்டினார். "வேண்டாம்." தட்டு அவர் பக்கமே போய்விட்டது. (அக்காவின் தொழிற்சாலை பிஸ்கட்தான். நாக்கில் எச்சில் ஊறியது.) பாவம், வளர்ப்புச் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு என் புள்ளிகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "பிரமாதம். இரண்டு வருடத்தையும் ஏற்றுக்கொள்ளலாம். நேரே மூன்றாம் வருடத்தில் சேருகிறீர்களா?"

நெஞ்சு துள்ளியது. வாய் சொன்னது: "ஐயோ வேண்டாம் சேர், உங்களுக்கேன் சிரமம்."

அவர் திகைத்துப்போனார். "உண்மையாகவா?"

ஆகா, இரண்டாந்தரம்! இன்னும் ஒரு படிதான். "உண்மையாகத்தான் சேர். முதலாம் வருடமே எனக்குத் தாராளம்" என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன்.

மூன்றாந்தரம் வரவில்லை. அதற்குப் பதிலாகப் பேனா கீறும் சத்தம் வந்தது. "அத்திவாரத்தில் இவ்வளவு அக்கறையுள்ள மாணவனை நான் கண்டதேயில்லை" என்று உருகிப்போய், என் கோட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். சொன்ன சொல்லை மாற்ற வெட்கம். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டு வாசலிலேயே அக்கா நின்றாள். "என்னடா சொன்னவர்?"

"மூண்டாம் வருசம் தாறன் எண்டார். நான் வேண்டாம் எண்டன்."

அக்கா விளக்கம் எதுவும் கேட்கவில்லை. "எத்தினைதரம் கேட்டவர்?" என்றாள்.

"ரெண்டு."

அத்தானுக்கு வந்ததே கோபம்! என்மேல் அல்ல. "பேராசிரியராம்! மூண்டாந்தரம் கேக்கத் தெரியாதவரெல்லாம் என்னத்தைப் படிப்பிக்கப்போறார்?"

அக்கா குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள். அவள் முதுகைப் பார்த்தபோது செத்துவிடலாம் போலிருந்தது. அடுத்த வாரம் தொலைபேசியில் பேராசிரியரைப் பிடித்துக் கெஞ்சினேன். மூன்றாம் வருட இடங்கள் நிரம்பிவிட்டனவாம். எனவே தெற்குத் தீவுக் குளிரில், தெரிந்த பாடங்களையே தெரியாதவன்போலத் திரும்பப் படித்தேன்.

ஆனால் அக்கா எனக்காகக் காத்திருக்கவில்லை. நான் கப்பலேறிய மாதமே என் பழைய கல்லூரிக்குப் போய், மாலை வகுப்பில் கணக்கியலுக்குச் சேர்ந்துவிட்டாள். "இந்தத் தவணையே தொடங்க விருப்பமோ எண்டு அங்கை பதிவு எழுதின பெட்டை கேட்டு முடிக்க முன்னமே ஓம் எண்டிட்டன்" என்று தொலைபேசியில் சிரித்தாள். நான் பட்டம் வாங்க முன்னமே அவள் வேலைக்கும் போய்விட்டாள்.

சில வருடம் கழித்து எனக்குப் பெண் பார்க்கப் போனோம். எல்லாம் பேசி முடிந்ததும் பெண்ணின் தகப்பன் என்னைப் பார்த்து, "தம்பிக்குச் சம்மதமோ?" என்றார். நான் வாயைத் திறக்க முன், பக்கத்திலிருந்த அக்கா பாய்ந்தாள். "ஓம்! ஓம்! இவன் வேண்டாம் எண்டுதான் தொடங்குவான். நீங்கள் மூண்டுதரம் கேக்கிற ஆளோ எண்டு எனக்குத் தெரியாது!"

வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் என் மனைவி இதைத்தான் எடுப்பாள்: "எனக்கு ஓம் சொன்னது உங்கடை அக்கா. நீங்கள் இன்னும் சொல்லேல்லை."