இருபத்தாறு வெள்ளரி முதலைகள்

கேக் பொட்டலத்தின் முதுகில் "லூபின் மாவு" என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்ததைக் கண்டதும், யோரிஸ் தேள் கொட்டியவனைப் போலக் கையை உதறிக்கொண்டான்.

அது ஒன்பதாவது பொட்டலம். அமெர்ஸ்ஃபோர்ட் நகரக் கடைத்தெருவின் சூப்பர் மார்க்கெட்டுக்குள் அவன் நுழைந்து ஒரு மணி நேரம் கடந்திருந்தது. மறுநாள் மகள் ஃபெம்கேவுக்கு ஏழாவது பிறந்தநாள். பிறந்தநாள் பிள்ளைதானே வகுப்பு முழுமைக்கும் தின்பண்டம் கொண்டுபோக வேண்டும்? அவள் அந்தப் பள்ளியில் சேர்ந்து மூன்று வாரமே ஆகியிருந்தது. சிநேகிதி என்று சொல்லிக்கொள்ள ஒருத்திகூட இன்னும் வாய்க்கவில்லை. நாளைய தின்பண்டத்தை நம்பித்தான் அவள் இருந்தாள்.

பள்ளியிலிருந்து வந்த மின்னஞ்சலோ நீண்ட பட்டியலாக இருந்தது. வகுப்பில் ஒவ்வாமை உண்டாக்கக்கூடியவை: கோதுமை, பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி வகைகள், சோயா, எள், கடுகு, செலரிக் கீரை, லூபின் என்னும் பயறு, மீன், இறால், சிப்பி, கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்பைட். எந்தப் பிள்ளைக்கு எது என்ற விவரம் இல்லை. பிள்ளைகளின் உடல்நிலையைப் பெயரோடு வெளியிடச் சட்டம் இடங்கொடுப்பதில்லை.

மனைவி லிஸ்பெத் தொலைபேசியில் அழைத்தாள். "கடையில வாங்குறியா, குடியிருக்கியா?"

"பட்டியல்ல பதினாலு இருக்கு. பதினாலு பிள்ளைங்களுக்கு ஒத்துக்காதாம், லிஸ்பெத். அது வகுப்பா, ஆஸ்பத்திரியா?"

"ஏதாவது ஒண்ணை எடுத்துட்டு வா."

"ஏதாவதா? ஒரு பிள்ளைக்கு உதடு வீங்கினாப் போதும். பள்ளிக்கூடத்தை முடிக்கிற வரைக்கும் நம்ம பொண்ணுக்கு அதுதான் பேரு."

பத்தாவது பொட்டலத்தில் எறும்புக்கும் மூக்குக்கண்ணாடி தேவைப்படும் எழுத்தில், "எள்ளின் சுவடு இருக்கலாம்" என்றிருந்தது. யோரிஸுக்குச் சினம் தலைக்கேறியது. இருக்கலாமாம்! தன் சரக்கில் என்ன இருக்கிறதென்று தனக்கே தெரியாதவன் எதற்காகச் சரக்கு விற்க வேண்டும்?

அலமாரியை அடுக்கிக்கொண்டிருந்த கோரி என்னும் பணிப்பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன சார் தேடுறீங்க?"

"பிள்ளைங்களைக் கொல்லாத தின்பண்டம்."

"கொல்லாததா? மூணாவது வரிசை. விலை கொஞ்சம் கூட."

மூன்றாவது வரிசையில் உலர்ந்த ஆப்ரிகாட் பழம் கிடைத்தது. ஒரே பொருள், ஒரே பெயர். துள்ளிக் குதிக்க இருந்தவன் பின்பக்கத்தைப் புரட்டினான். சல்பைட்.

"ஆப்பிள் வாங்கிட்டுப் போங்க சார்," என்றாள் கோரி, இரக்கப்பட்டு. "அது பின்னாடி யாரும் எதையும் எழுதல."

யோரிஸ் அவளை வாயார வாழ்த்திவிட்டு ஆப்பிளோடு வீடு சேர்ந்தான். நறுக்கிய துண்டுகள் கண்ணெதிரிலேயே கறுக்கத் தொடங்கின. எலுமிச்சைச் சாறு தெளித்தால் கறுக்காது என்றாள் லிஸ்பெத். புட்டியிலிருந்த சாற்றை முழுவதும் ஊற்றிய பிறகே அவன் புட்டியின் சீட்டைப் படித்தான்.

"சல்பைட்," என்றான் ஈனசுவரத்தில்.

"ஊத்துறதுக்கு முன்னாடி படிக்க மாட்டியா?"

ஆப்பிள் அனைத்தும் குப்பைக்குப் போயின. கத்தியோ காலையில் பாலாடைக்கட்டி வெட்டியது. பலகையோ ரொட்டி அறுத்தது. எனவே, கடை மூடுவதற்குள் மீண்டும் ஓடிப் புதிய கத்தியும் புதிய பலகையும், ஆசிரியைக்கும் சேர்த்து இருபத்தாறு வெள்ளரிக்காயும் வாங்கி வந்தான். ஒவ்வொன்றுக்கும் வாய் பிளந்து, பல் செதுக்கி, முதலையாக்கினான். கடைசி முதலைக்குப் பல் முளைத்தபோது, உலகக் கோப்பையையே வென்றவனைப் போல அவன் முகம் ஒளிர்ந்தது.

காலையில் ஃபெம்கே தட்டைப் பார்த்தாள். "கேக் எங்கப்பா?"

"இது முதலைடா செல்லம்."

"வெள்ளரிக்கா."

"பல்லைப் பாரு."

"பல்லு வச்ச வெள்ளரிக்கா. இதைக் குடுத்தா என்கூட யாருப்பா விளையாடுவாங்க?"

"இதைத்தான்டா எல்லாரும் சாப்பிட முடியும். ஒருத்தரும் தனியா உக்கார வேண்டாம்."

வகுப்பில் வாழ்த்துப் பாட்டு முடிந்ததும் முதலைகள் வரிசையாக வலம் வந்தன. "கிரீம் உள்ள இருக்கா?" என்று ஒரு சிறுமி முதலையின் வாய்க்குள் விரலை விட்டுத் தேடினாள். ஃபெம்கே தலையைக் குனிந்துகொண்டாள். ஆயினும் இருபத்தாறு வாய்கள் ஒரே பண்டத்தை ஒருசேர மென்றன. ஓர் உதடும் வீங்கவில்லை.

மகளோடு வகுப்புக்கு வந்திருந்த யோரிஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆசிரியை ஆனமீக்கின் அருகே சென்றான். "பார்த்தீங்களா டீச்சர்? அந்தப் பதினாலு பிள்ளைங்களும் இன்னைக்கு மத்தவங்களோட சேர்ந்து சாப்பிடுதுங்க. எந்தெந்தப் பிள்ளைங்கன்னு நான் கேக்க மாட்டேன். சட்டம் சட்டம்தான்."

ஆசிரியை மென்றுகொண்டிருந்த முதலையை மெல்லக் கீழே வைத்தார்.

"பதினாலும் ஒரே பிள்ளைக்குத்தான் சார். அந்தப் பிள்ளையோட பேரை அதைப் பெத்தவங்ககிட்ட மட்டும்தான் சொல்லலாம். அதனால உங்ககிட்டத் தாராளமாச் சொல்றேன்: சேர்க்கைப் படிவத்துல 'எதெல்லாம் ஒத்துக்காது'ன்னு கேட்டிருந்த பதினாலு கட்டத்துலயும் படிச்சுப் பாக்காம டிக் அடிச்சு அனுப்பினது நீங்கதானே?"