அக்காவுக்கு அசல், வீட்டுக்காரிக்கு நகல்

வாழ்நாளில் முதல் தடவையாகச் சோதனை சார் துணிந்து ஒரு முடிவு எடுத்தார். அக்காவுக்கு அசல் மாலை. மனைவிக்கு நகல் மாலை. மனைவிக்கு வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது?

குழாய்த் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது அவர் வேலை. ஒழுகாத குழாயையும் ஒழுகிவிடுமோ என்று முறைத்துக்கொண்டே நிற்பார். அதனால் அங்கே அவருக்குச் 'சோதனை சார்' என்று பெயர். வீட்டிலும் அவர் சோதனைதான் என்பது மனைவியின் கட்சி.

அக்கா கேட்டது சீனத்து டர்காய்ஸ் என்கிற நீலப்பச்சைக் கல் மாலை. "நீதான் தரம் பார்க்கிறவனாச்சே, பார்த்து வாங்கிட்டு வா. சனிக்கிழமை சொந்தக்காரங்க அத்தனை பேரும் வர்றாங்க. போலியை என் தலையில கட்டினே, அவங்க முன்னாடியே உன் மானத்தை வாங்கிடுவேன்" என்று சொல்லியிருந்தாள். சொன்னதைச் செய்கிறவள் அவள்.

கல் வியாபாரி பொறுமையாக விளக்கினார். "வெள்ளைக் கல்லுக்குச் சாயம் ஏத்தி டர்காய்ஸ்னு வித்துடுவாங்க சார். நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சுல தொட்டுத் தேய்ங்க. பஞ்சு நீலமானா போலி. ஆனா பஞ்சை மட்டும் நம்பாதீங்க, கண்ணையும் நம்புங்க. எல்லா மணியும் ஒரே நிறமா இருந்தா சந்தேகப்படுங்க. அசல்ல ஒண்ணு பச்சைக்குச் சாயும், ஒண்ணு நீலத்துக்குச் சாயும்."

அசல் மாலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பச்சையுமில்லாத நீலமுமில்லாத ஒரு நிறம். அதன்மேல் சிலந்தி வலை மாதிரி கறுப்பு ரேகை. சோதனை சாருக்கே மனசு இளகிவிட்டது. இளகிய மனசோடு மனைவிக்கு ஒரு போலி வாங்கினார்.

"என்னங்க இது, திடீர்னு?"

"சீனத்துக் கல். அசல்."

"எனக்கா?"

"உனக்கு இல்லாம வேற யாருக்கு?"

"என்ன தப்பு பண்ணினீங்க?"

"ஒரு தப்பும் பண்ணலை! ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. நெயில் பாலிஷ் ரிமூவர் இதுமேல படவே கூடாது."

"பட்டா?"

"அசல் கல்லுக்கு அது ஆகாது."

"நான் கேட்கவே இல்லையே. நீங்களா எதுக்குச் சொல்றீங்க?"

அவள் வீட்டிலேயே துணி தைப்பவள். சாயம் போகுமா என்று ஓரத்தை நனைத்துப் பார்க்காமல் எந்தத் துணியிலும் கத்தரி வைக்க மாட்டாள். மனுஷன் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

மாலையைப் போட்டுக்கொண்டு அவள் சிரித்தாள். கோபித்துக்கொண்டால் சமாளித்துவிடுவார். சிரித்தால் என்ன செய்வது?

மறுநாள் சோறு போடும்போது கேட்டாள். "உங்க அக்காவுக்கு ஒண்ணும் வாங்கலையா?"

"இல்லையே."

"பாவம்."

அந்தப் 'பாவம்' அவரைத் தூங்கவிடவில்லை. அக்காவின் மாலை கட்டிலுக்கடியில் பழைய ஷூவுக்குள் இருந்தது. ஷூ கயிற்றை அவர் இரட்டை முடிச்சாகப் போட்டிருந்தார். சனிக்கிழமை காலையில் குனிந்து பார்த்தால் ஒற்றை முடிச்சு!

மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். பஞ்சையும் அவளுடைய ரிமூவரையும் எடுத்தார். ஷூவிலிருந்த மாலையில் ஒரு மணியைத் தேய்த்தார். பஞ்சு பளீரென்று நீலமானது.

"மாத்திட்டா! படுபாவி, மாத்திட்டா!"

அவள் கழற்றி வைத்த மாலை கண்ணாடி முன்னால் கிடந்தது. அதையும் தேய்த்துப் பார்க்கலாம் என்று கையை நீட்டினார். குளியலறையில் தண்ணீர் நின்றது. வியாபாரி சொன்ன கண்ணாவது, நிறமாவது! அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். ஷூவில் இருந்ததைக் கண்ணாடி முன்னால் வைத்தார். 'என்கிட்டயா?' என்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நேரே அக்கா வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டும் வந்தார்.

வீட்டுக்குள் கால் வைக்கவில்லை, போன் அடித்தது.

"டேய், பஞ்சுல ரிமூவர் தொட்டுத் தேய்ச்சேன். என் விரலெல்லாம் நீலம்! பெரியப்பா, மாமா, எல்லாரும் இங்கதான் இருக்காங்க. தரம் பார்க்கிறவன் வாங்கின லட்சணத்தை நீயே சொல்லு அவங்ககிட்ட!"

பின்னணியில் ஒரு கூட்டமே சிரித்தது. சோதனை சார் போனை வைத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். அவமானத்தில் காது எரிந்தது.

"நீ மாத்தினியா இல்லையா?"

"நான் எதுக்குங்க மாத்தறேன்? நீங்க குடுத்ததை அன்னிக்கே பஞ்சு வெச்சுப் பார்த்துட்டேன். அப்புறம் தேடி, ஷூவுல இருந்ததை எடுத்தேன். வெள்ளைத் துணிக்குப் போடற சொட்டு நீலத்தை லேசாத் தடவினேன். காயவெச்சு, இருந்த இடத்துலயே வெச்சுட்டேன். முடிச்சை மட்டும் உங்களுக்குத் தெரியற மாதிரி போட்டேன்."

"அப்போ ஷூவுல இருந்தது..."

அவள் கழுத்து மாலையைத் தூக்கிக் காட்டினாள். கழுவித் துடைத்திருந்தாள். ஒரு மணி பச்சைக்குச் சாய்ந்தது, அடுத்தது நீலத்துக்குச் சாய்ந்தது.

"அசலை உங்க கையாலேயே கொண்டுவந்து என் கண்ணாடி முன்னாடி வெச்சீங்க பாருங்க, அந்தப் பாசத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேங்க."