நான்கு மாத அக்கா

"உங்க அக்கா உங்களைவிட நாலே மாசம்தான் மூத்தவங்களா?" என்று கனடா எல்லை அதிகாரி தெக்லேவிடம் கேட்டார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் அமெரிக்கா. அங்கிருந்து தரைவழியாக வருகிறவன் இங்கே அகதிப் பாதுகாப்புக் கேட்க முடியாது. கூடப்பிறந்தவர்கள் கனடாவில் இருந்தால் மட்டும் கேட்கலாம். கனடாவில் குடியேறிவிட்ட அக்கா செம்ஹர், சாட்சி சொல்ல வந்து பக்கத்து அறையில்தான் இருந்தாள். ஆனால் அவள் அக்கா என்பதைத் தாளில் இருந்த பிறந்த தேதி ஒத்துக்கொள்ளவில்லை.

"எரித்திரியாவுல பதினெட்டு ஆனா பட்டாளத்துக்குப் பிடிச்சிட்டுப் போவாங்க மேடம். திரும்ப விடமாட்டாங்க. அதான் அப்பா அக்கா வயசைக் குறைச்சு எழுதிட்டாரு."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் அதிகாரி நிமிர்ந்தார். "அப்போ உங்க அக்காவோட கனடா பேப்பர்ல இருக்கிறது பொய்யா?"

"ஐயையோ! அவளுது சரிதான். என்னுதுதான் பொய்!"

"உங்க பாஸ்போர்ட் பொய்யா?"

தெக்லே நாக்கைக் கடித்துக்கொண்டான். அதிகாரி பக்கத்து அறைக்குப் போய்த் திரும்பினார்.

"உங்க ரெண்டு பேருக்கும் அம்மா வேற வேறயாமே?"

"எங்கப்பாவுக்கு ரெண்டு பெண்டாட்டியா? ஒருத்தியையே அவரால சமாளிக்க முடியலை மேடம்!"

சுவருக்கு அப்பால் கேட்டுக்கொண்டிருந்த செம்ஹர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "டேய் முட்டாள், உன்னைக் காப்பாத்தத்தானே சொன்னேன்!"

"நீ காப்பாத்தின லட்சணம்! என்னைப் பாலத்துக்கு அந்தப் பக்கமே திருப்பி அனுப்பப்போறாங்க."

"அம்மாகிட்டயே கேளுங்க!" செம்ஹர் ஆத்திரத்தில் எரித்திரியாவில், அஸ்மாராவில் இருந்த அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்து, மொழிபெயர்ப்பாளர் கையில் திணித்தாள்.

"வேணாம்க்கா!" என்று பாய்ந்தான் தெக்லே. பையன் ஓடிப்போனால் பெற்றவளைச் சிறையில் போடுகிற ஊர் அது. முன்பின் தெரியாத குரலை எந்தத் தாய் நம்புவாள்?

"அம்மா, தெக்லே உங்க மகனா?"

"எந்தத் தெக்லே? எனக்கு மகனே கிடையாது!"

மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதிகாரி கோப்பை மூடினார். தெக்லே பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். பயத்தில் பெற்றவளே இல்லை என்றுவிட்ட பிறகு யாரிடம் போய் நிற்பது?

போனில் அம்மா இன்னும் வைக்கவில்லை.

"ஐயா, அந்த இல்லாத மகன்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. குளிர்ல காதைத் திறந்துபோட்டுத் திரியவேணாம், இடது காது சின்ன வயசுலேர்ந்தே சீழ் வைக்கும். அக்காகூட மல்லுக்கு நிக்காம, அவ சொல்றதைக் கேக்கச் சொல்லுங்க!"