நடுவை விடாத தணிகாசலம்

நடுவில் நிற்பவர் என்று ஒரு மனித இனம் உண்டு. பந்தி நடக்கும் கூடத்தின் வாசலில், லிஃப்டின் பொத்தானுக்கு முன்னால், பஸ்ஸின் இரண்டாம் படியில் என்று, எங்கே நின்றால் மற்றவர்கள் அசைய முடியாதோ அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடுவார். நல்ல மாதிரி ஒன்று பார்க்க வேண்டுமா? ஒரகடத்துக்கு வாருங்கள். கார் உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்தி மேலாளராக இருக்கும் தணிகாசலம், ஸ்குவாஷ் ஆடுகிறார்.

ஸ்குவாஷ் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். ஒரு பெரிய அறை, வலை கிடையாது. இரண்டு பேரும் ஒரே அறைக்குள் நின்று முன்சுவரில் மாறி மாறிப் பந்தை அடிக்க வேண்டும். தரையின் நடுவே கோடுகள் ‘டி’ எழுத்துப் போலச் சந்திக்கும். அங்கே நின்றால் எந்த மூலையும் பக்கம். ஆகவே அடித்ததும் நடுவுக்குத் திரும்பு என்பது முதல் பாடம். எதிராளி அடிக்கும்போது வழிவிடு என்பது இரண்டாம் பாடம்.

தணிகாசலம் முதல் பாடத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டார்.

“பொசிஷன்தாம்பா எல்லாம்” என்பார். தொழிற்சாலைக்குள் அந்த ஸ்குவாஷ் கோர்ட்டைக் கட்டச் சொன்ன வெளிநாட்டு அதிகாரிகள் ஊர் திரும்பிய பிறகு அது அவருடையதாகிவிட்டது. அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் அவரைப் பிரதட்சணம் செய்தபடி ஓடினார்கள், தோற்றார்கள், “இன்னா கண்ட்ரோல் சார்” என்று வியர்வையைத் துடைத்தார்கள். தொழிற்சாலைப் போட்டியின் கோப்பை வருடா வருடம் யாருக்கு? கேட்கவே வேண்டாம்.

இந்த வருட இறுதி ஆட்டத்தில் அவருக்கு எதிரே வந்தவள் ஷாரோன். வடக்குப்பட்டுப் பெண். கல்லூரி அணியில் ஆடியவள், தரப் பிரிவில் பயிற்சிப் பொறியாளர். அவளுக்கு வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் தணிகாசலம் சிபாரிசு செய்ய வேண்டும். அதுவும் அதே மாதத்தில்.

மூன்று ஆட்டம், இரண்டை வெல்பவருக்குக் கோப்பை. முதல் ஆட்டத்தில் பந்துக்கும் சுவருக்கும் நடுவே தணிகாசலத்தின் முதுகு நின்றது. ஷாரோன் மட்டையை நிறுத்தி, “லெட் சார்” என்றாள். வழி மறைகிறது, மறுபடி ஆடலாம் என்று அர்த்தம். நடுவராக இருந்த மனிதவளத் துறை இராமச்சந்திரன் அந்த முதுகைப் பார்த்தார். முதுகு நகர்வதாக இல்லை. “ஆடும்மா, ஆடு” என்றார்.

தோற்று வெளியே வந்தவளிடம் தோழி சுவாதி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். “வுட்டுக் குடுத்துடுடி. கன்ஃபர்மேஷன் அவரு கையில கீது.”

“எல்லாரும் வுட்டுக் குடுத்துதான் அவரு அங்கயே நிக்கிறாரு.”

சொல்லிவிட்டு மட்டையை எடுத்தாள். உள்ளே போனதும் பந்தை உயரத் தூக்கிப் பக்கச் சுவரோடு ஒட்டி, பின் மூலையில் விழவைத்தாள். தணிகாசலம் முனகிக்கொண்டே பின்னால் போனார். திரும்பி வந்தால் அவருடைய இடத்தில் ஆள்.

“ஏம்மா, அது நான் நிக்கிற எடம்.”

“நல்லா அடிச்சீங்கன்னா நானே நவுந்துடுவேன் சார்.”

மறுபடி மூலை. வலது மூலை, இடது மூலை. பல வருடங்களுக்குப் பிறகு தணிகாசலம் அந்தக் கோர்ட்டின் பின்பக்கச் சுவரைப் பக்கத்தில் பார்த்தார். இரண்டாம் ஆட்டம் ஷாரோனுக்கு.

மூன்றாம் ஆட்டத்தின் கடைசிப் புள்ளி. மூச்சு வாங்கிய தணிகாசலம் பழக்க தோஷத்தில் நடுவுக்கு ஓடிவந்து, அவளுக்கு நேர் முன்னால் நின்றுகொண்டார். ஷாரோன் மட்டையை ஓங்கினாள். நிறுத்தலாமா? வேலை, வீடு, அம்மாவின் முகம் எல்லாம் வந்து போயின. அடித்துவிட்டாள்.

பந்து மேலாளரின் பின்புறத்தில் சுளீரென்று பட்டது.

பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர்கள் பட்ட பாடு தனிக் கதை. சுவருக்குப் போகிற பந்தை உடம்பால் மறித்தால் புள்ளி அடித்தவருக்கு. இராமச்சந்திரன் யாரையும் பார்க்காமல், “ஷாரோனுக்கு” என்றார்.

தணிகாசலம் தடவிக்கொண்டே சொன்னார்: “நான் நின்ன எடம் கரெக்ட்டு. பந்துதான் தப்பா வந்துச்சு.”

வேலை என்னவாயிற்று என்கிறீர்களா? நிரந்தரமாயிற்று. மறுநாளே தணிகாசலம் கேன்டீனில், “நம்மகிட்ட ஆடி ஆடி வளந்த பொண்ணு” என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். தன்னிடம் வளர்ந்த பெண்ணை எப்படி வெளியே அனுப்புவது? பரிசளிப்புப் படத்தில், கோப்பையை வென்ற ஷாரோன் ஓரத்தில் இருக்கிறாள். நடுவில் கோப்பையோடு நிற்பவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நல்லது. இதைப் படிக்கும் நீங்கள் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? ஃபேனுக்கு நேர் கீழேயா? அப்படியானால் வீட்டில் மற்றவர்கள் எதை வைத்து விசிறிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுங்கள்.