கிளிப் பெடலும் விக்கிரமங்கலத்து வணக்கமும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது, பிழைகளும் இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மாவு டப்பாக்களின் மூடி மேல்தான். யார் வீட்டுக் கம்பு, யார் வீட்டுக் கேழ்வரகு என்று அடையாளத்துக்கு எழுதி வைப்பேன். சின்ன 'ர' போட வேண்டிய இடத்தில் பெரிய 'ற' போட்டால் டப்பா மூடி கோபித்துக்கொண்டதில்லை. இது என்றாவது அச்சேறி ஒழுங்காக இருந்தால் அந்தப் புண்ணியம் திருத்தியவரைச் சேரும்.

அரியலூருக்கு வெளியே சின்னதாக ஒரு மாவு மில் வைத்திருக்கிறேன். எனக்கு அந்தத் தொழில் பிடித்ததற்குக் காரணம் ஒன்றுதான். மில் ஓடும்போது யாரும் யாரோடும் பேச முடியாது. வருகிறவர்கள் டப்பாவைக் காட்டுவார்கள், நான் தலையாட்டுவேன். அப்படியே வாழ்க்கை ஓடிவிட்டது. அவ்வளவு கூச்சம் எனக்கு.

கூச்சப்படுகிறவனுக்கு ஆயுசுக்கும் சரியான அளவில் செருப்பு அமையாது. இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். கடைக்காரர் குனிந்து மாட்டிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்ப்பார். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று எப்படிச் சொல்வது? (அவரும் பாவம், எவ்வளவு பெட்டியைத்தான் பிரிப்பாரு.) என் கல்யாணத்துக்கு எடுத்த செருப்பு ஒரு சுற்றுப் பெரிசு. கழன்று விழாமல் இருக்க நான் தரையைத் தேய்த்துத் தேய்த்து நடந்ததைப் பார்த்து, மாப்பிள்ளைக்குக் காலில் ஏதும் குறையா என்று என் மாமனார் தனியாக விசாரித்திருக்கிறார்.

நாள் முழுக்க நின்று நின்று மூட்டு வலி வந்தது. டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். இந்த விஷயம் எப்படியோ ஜமால் காதுக்குப் போய்விட்டது.

ஜமால் என் பால்ய சிநேகிதன். என் அப்பா லப்பைக்குடிக்காட்டில் ஒரு ரைஸ் மில்லில் வேலை பார்த்தபோது அவனும் நானும் ஒரே பெஞ்சு. நான் ஐந்தாவதோடு நின்றேன், அவன் மேலே படித்து மஸ்கட் போனான். அங்கே வெள்ளிக்கிழமை ஆனால் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிற கூட்டத்தோடு சேர்ந்து பழகிவிட்டான். ஊருக்கு வந்தவன் என்னைக் கூப்பிட்டு, டிராக்டருக்குத் தம்பி மாதிரி தடித்த டயர் போட்ட ஒரு மலை சைக்கிளை, எடுத்துக்கொண்டு போ என்று கொடுத்துவிட்டான்.

அந்த சைக்கிளில் பெடல் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இரும்பு முடிச்சுதான் இருந்தது. அதற்குப் பேர் கிளிப் பெடலாம். ரப்பர் செருப்பு அதில் நிற்காது, வழுக்கும். அதற்கென்று தனி ஷூ உண்டு. அடியில் சின்ன இரும்புத் துண்டு பதித்திருக்கும். மிதித்தால் டக்கென்று பெடலில் பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்பினால்தான் விடும்.

ஜமால் இரண்டு ஜோடி ஷூவைக் கொண்டுவந்து வைத்தான். ஒன்று சாம்பல் நிறம், பழசு, கயிறு கட்டுகிற மாதிரி. இன்னொன்று கறுப்பு, புதுசு, பக்கிள் வைத்துப் பளபளவென்று இருந்தது. எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பெரிய பாடமே நடத்தினான்.

"விரலு உள்ள ஆடணும்டா, குதிகால் ஆடக் கூடாது. அடி கெட்டியா இருக்கணும், ஆனா எறங்கி நடந்தா ரப்பர்தான் தரையில படணும், இரும்பு படக் கூடாது. கல்லுல இடிச்சாலும் கிழியாம மூக்குப் பக்கம் தடிப்பா இருக்கணும். அப்புறம் இன்னொண்ணு, சாயங்காலமாத்தான் போட்டுப் பாக்கணும். ஓட்ட ஓட்டக் கால் வீங்கும்."

நான் போட்டுப் பார்த்தது காலை பத்து மணிக்கு.

சாம்பல் ஷூவில் கால் வைத்ததும் எனக்குக் கண் மூடிக்கொண்டது. என் வாழ்க்கையில் என் கால் அப்படி ஓர் இடத்தில் இருந்ததில்லை. ஜமால் சொன்ன அத்தனையும் அதில் இருந்தது. அதனால்தான் அதைக் கழற்றி வைத்தேன். ஒருவன் ஆசையாகப் போட்டுப் போட்டுப் பழக்கிய பொருளைப் போய் நாம் கேட்பதா? கறுப்பை மாட்டினேன். கட்டைவிரல் முட்டியது, சுண்டுவிரல் மடங்கியது. ஜமால் மூக்கை அமுக்கிப் பார்த்துவிட்டு, முட்டுகிற மாதிரி இருக்கிறதே என்றான். பஞ்சு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து கொடுத்த அவன் சம்சாரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அண்ணனுக்குப் பல் வலியா என்று கேட்டது.

அந்தச் சமயத்தில் வீட்டில் வேறு ஒரு கவலை ஓடிக்கொண்டிருந்தது. என் மகள் தேன்மொழி பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எந்த மாப்பிள்ளை போட்டோவைக் காட்டினாலும் மூக்கு, முடி, சட்டைக் கலர் என்று ஏதாவது சொல்லித் தள்ளிவிடுவாள். விக்கிரமங்கலத்துப் பையன் போட்டோவை மட்டும் அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒருநாள் அவள் செல்போன் உறையைக் கழற்றித் துடைத்தபோது அது உள்ளேயிருந்து விழுந்தது. நானும் என் வீட்டுக்காரியும் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்தோம்.

பையன் வீட்டார் வந்து பெண்ணைப் பார்த்தார்கள். பையனின் அப்பா சிங்காரம், விவசாயி, கரகரவென்ற குரல். மரியாதை விஷயத்தில் ரொம்பக் கறார் என்று தரகர் முன்னாலேயே எச்சரித்திருந்தார். வயசில் மூத்தவரைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்குவது எங்கள் பக்கத்துப் பழக்கம். சிங்காரத்துக்கோ ஒரு காலை ஊன்றி நின்று பேசினால்கூடப் பிடிக்காது, முழுசாக இறங்க வேண்டும்.

அன்றைக்கு அவர் என்னிடம் மில் எப்படிப் போகிறது என்று கேட்டார். நான் சிரித்தேன். மழை உண்டா என்று கேட்டார். நான் ஃபேனைப் பார்த்தேன். (பதில் நெஞ்சு வரைக்கும் வந்துச்சு, அதுக்கு மேல ஏறலை.) கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று போனவர்கள் சொல்லவே இல்லை. பிறகு தரகர்தான் வந்து உண்மையை உடைத்தார்.

"பொண்ணு புடிச்சிருக்காம். பொண்ணோட அப்பாவைத்தான் யோசிக்கிறாங்களாம். தலைக்கனம் புடிச்ச ஆளு, நம்மள ஒரு பொருட்டா மதிக்கலைன்னு அவரு வருத்தப்படுறாரு."

எனக்குத் தலைக்கனம். மாவு மில்லில் யாராவது கோபமாகப் பார்த்தால் அவர்களுக்குக் கூடுதலாக ஒரு சுற்று அரைத்துக் கொடுக்கிற எனக்கு. அன்று தேன்மொழி சாப்பிட்ட தட்டை வழக்கத்தைவிட ரொம்ப நேரம் கழுவினாள்.

பெண் வீட்டார் நேரே போய் நின்று கேட்பது முறையில்லை. என் வீட்டுக்காரி யோசித்து வழி சொன்னாள்.

"ஏங்க, டாக்டர்தான் சைக்கிள் ஓட்டச் சொல்லியிருக்காருல்ல. அப்படியே ஓட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போங்க. காலையில டீக்கடையிலதான் இருப்பாராம். பாத்ததும் எறங்கி, கையெடுத்துக் கும்பிட்டு, நாலு வார்த்தை பேசிட்டு வாங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

ஒரு வாரம் மில் வாசலில் பழகினேன். இடது கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு பூட்டுவது, திருப்புவது, பூட்டுவது, திருப்புவது. சுவரை விட்டு நகர்ந்தபோது தேன்மொழி பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவள் ஆறாவது படித்தபோது அதே வாசலில் நான் அவளுக்கு அப்படி ஓடியிருக்கிறேன். அப்போது நான் சொன்னதையே இவள் எனக்குச் சொன்னாள்: கீழே பார்க்காதீங்க, நேராப் பாருங்க. எப்போது கையை விட்டாள் என்று தெரியாது. திரும்பிப் பார்த்தால் தூரத்தில் இடுப்பில் கை வைத்து நின்றாள். இந்தப் பிள்ளை இன்னும் கொஞ்ச நாளில் இங்கே இருக்காது என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது அப்போதுதான். அந்த யோசனையிலேயே போய்க் குப்பைத்தொட்டியில் மோதினேன்.

சைக்கிளோடு புறப்பட்ட அன்று என்னிடம் பேச்சுக்கு மட்டும் குறைவில்லை. பேச வேண்டியதை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே மிதித்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் என்னைத் தாண்டிப் போகும்போது சத்தமாகவே சொன்னேன். வணக்கமுங்க. இந்தப் பக்கமா வந்தேன். அன்னைக்குச் சரியாப் பேச முடியலை. தப்பா எடுத்துக்காதீங்க.

பாதி வழியில் விரல் வலித்தது. கொஞ்சம் போனதும் வலி நின்றுவிட்டது. பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பழகவில்லை, மரத்துப்போயிருந்தது. விக்கிரமங்கலம் வந்தபோது கணுக்காலுக்குக் கீழே எனக்குக் கால் இருக்கிற செய்தியே இல்லை.

டீக்கடை வாசலில் சிங்காரம் கிளாசோடு நின்றார். சுற்றிலும் ஊர்க்காரர்கள். அவர் என்னைப் பார்த்துவிட்டார். நான் பிரேக்கைப் பிடித்தேன். சைக்கிள் அவருக்கு முன்னால் மிகச் சரியாக நின்றது. அதுவரைக்கும் எல்லாம் என் வீட்டுக்காரி சொன்னபடிதான் நடந்தது. குதிகாலைத் திருப்பினேன். திருப்பினேன் என்று நான் நினைத்தேன், கால் அப்படி நினைக்கவில்லை. பழக்க தோஷத்தில் இடது கையைச் சுவருக்கு நீட்டினேன். அங்கே சுவர் இல்லை. சிங்காரம்தான் நின்றார். அவர் மேல் கை வைப்பதா என்று பதறி இழுத்துக்கொண்டேன். இழுத்த கை சும்மா இல்லாமல் மற்றக் கையையும் கூப்பிட்டுக் கும்பிடு போட்டது.

கும்பிட்டபடியே சாய்ந்தேன். வேகமாக விழுந்தாலாவது தெரியாமல் போயிருக்கும். வெட்டிய மரம் யோசித்து யோசித்துச் சாய்வது மாதிரி, எல்லோரும் பார்க்கிற அளவுக்கு நிதானமாக, சைக்கிளோடு சேர்ந்து அவர் காலடியில் போய்ப் படுத்தேன். கை அப்போதும் கூப்பியபடிதான் இருந்தது.

பெண் பார்க்க வந்த கூட்டத்தில் இருந்த ஒரு பெண் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. "அடப் பாவமே, பொண்ணைப் பெத்தவரு நடுரோட்டுல கால்ல வுழுறாரே."

சிங்காரம் கிளாசைத் தூக்கிப் போட்டுவிட்டு, என்ன காரியம் பண்றீங்க, எந்திரிங்க என்று என் தோளைப் பிடித்துத் தூக்கினார். நான் எழுந்தேன். கூடவே சைக்கிளும் எழுந்தது. அவருக்குப் புரியவில்லை. திரும்பவும் கீழே வைத்தார். நான் எழுந்திருக்க அடம் பிடிக்கிறேன் என்று ஊர் நினைத்தது. சம்மதம் சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டார் போலிருக்கிறது என்று ஒருவர் விளக்கம் கொடுத்தார். இன்னொருவர், பையனைப் பெத்தவருக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது என்று சிங்காரத்தையே திட்டினார். நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. ஷூவைக் காட்டிக் காட்டித் தலையை ஆட்டினேன்.

ஒருவழியாக விஷயம் புரிந்தது. பக்கிளை இழுத்தார்கள், புழுதி அடைத்து நகரவில்லை. இளநீர்க்காரர் அரிவாளோடு வந்தார். சிநேகிதன் பொருள், வெட்ட வேண்டாம் என்று கும்பிட்டேன். (கையி ஏற்கெனவே அந்த வேலையிலதான இருந்துச்சு.) டீக்கடைக்காரர் பஜ்ஜி எண்ணெயைக் கரண்டியில் கொண்டுவந்து என் குதிகாலைச் சுற்றி ஊற்றினார். சிங்காரம் வேட்டியை மடித்துக் கட்டி, ரோட்டில் குந்தி உட்கார்ந்து, என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பையனைப் பெற்றவர், பெண்ணைப் பெற்றவன் காலை. எனக்கு உயிர் போய்விட்டது.

கால் வெளியே வந்தது. ஷூ பெடலிலேயே நின்றது. விரல்கள் வெளுத்து, கொப்புளம் உடைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அவர் அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இவ்வளவு கடிக்கிறதை எதுக்குங்க மாட்டிக்கிட்டு வந்தீங்க?"

வாய் தானாகத் திறந்துகொண்டது. "குடுத்தவன் கேட்டான், சரியா இருக்கான்னு. இல்லைன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சுங்க."

"அன்னைக்கு வூட்டுல நான் கேட்டப்பவும் அதான் ஒண்ணும் சொல்லலையா?"

நான் தலையாட்டினேன். அவர் முகத்தில் என்னவோ நகர்ந்தது. சிரிப்பை அடக்கினாரோ என்னவோ. அடுத்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்தக் காலைக் கொஞ்சம் தளத்துங்க சம்மந்தி."

அந்த வார்த்தையை அவர் சொன்னதை முதலில் கவனித்தது டீக்கடைக்காரர்தான். அவர் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் அழுதேன். கொப்புளத்தில் எண்ணெய் பட்டதால்தான் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

ஜமாலுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் போனைச் சம்சாரத்திடம் கொடுத்துவிட்டான். திரும்பி வாங்கியதும், வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒரு பொருளை வாய்விட்டுக் கேட்டேன். அந்தச் சாம்பல் ஷூ வேண்டும் என்று.

"அடப் பாவி, அதை உனக்குன்னுதான்டா சோப்புப் போட்டுக் கழுவி வச்சிருந்தேன். கறுப்பு எனக்கே கடிக்கும். மஸ்கட்டுல கடைக்காரன் மூஞ்சியைப் பாத்துட்டு வேணாம்னு சொல்ல முடியாம வாங்கிட்டு வந்தது."

சாம்பல் ஷூ இத்தனை வருஷம் கழித்தும் கிழியவில்லை. தேன்மொழி கல்யாணமாகிப் போன பிறகு வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது. மில்லை நிறுத்தினால் அந்த அமைதி காதில் விழும். அப்படித் தோன்றுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஷூவை மாட்டிக்கொண்டு விக்கிரமங்கலம் போய் வருகிறேன். என் சைக்கிள் தெருமுனையில் திரும்பியதுமே சம்பந்தி எழுந்து, இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொள்கிறார்.

நேற்று முன்தினம் பேத்தி பள்ளிக்கூடத்தில் சுதந்திர தின விழா. யு.கே.ஜி. சார்பில் மேடையேறி எல்லோருக்கும் வணக்கம் சொல்கிற பொறுப்பு அவளுக்கு. தாத்தா எப்படி வணக்கம் வைத்தார் என்று அந்த வீட்டில் தினமும் நடித்துக் காட்டுவார்களாம், எனக்குத் தெரியாது. மைக் முன்னால் வந்தாள். கை இரண்டையும் கூப்பினாள். அனைவருக்கும் வணக்கம் என்றாள். அப்படியே மெதுவாக, ரொம்ப மெதுவாக, இடதுபக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டாள். டீச்சர் தண்ணீரோடு ஓடி வந்திருக்கிறார். பிள்ளை எழுந்திருக்கவில்லையாம். யாராவது வந்து ஷூவைக் கழற்ற வேண்டும் என்று காத்திருந்தாளாம்.

டீச்சருக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது என்று தேன்மொழி போனில் கேட்டாள். எனக்குப் பேச வராது, எழுதித் தருகிறேன் என்று சொன்னேன்.

ஆவணி ஒன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.