முதல் வரியில் மீனம்மா

டயகம,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சான் கந்தப்பனுக்கு,

சிவசாமி எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா மீனம்மா, பசுமாடு மூவரும் சுகம். வட்டவளையில் நீயும் பிள்ளைகளும் அப்படியே இருக்க முருகன் துணை நிற்பானாக.

விஷயத்துக்கு வருகிறேன். லயத்து வரிசை அறையை விட்டு இந்தப் புது வீட்டுக்கு வந்து நான்கு வருடமாகிறது. வீட்டுக்கும் சுற்றியுள்ள ஏழு பேர்ச் நிலத்துக்கும் உறுதிப் பத்திரம் கொடுக்கப் போகிறார்கள் என்று போன மாதம் ஒரு படிவம் வந்தது. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் என் பெயரை முத்து முத்தாக எழுதி, சாமி படத்தடியில் வைத்தேன். மறுநாள் படிவத்தைக் காணோம்; உன் அக்கா எடுத்துப் போயிருக்கிறாள். ஹட்டனிலிருந்து தனுஷிகா என்றொரு பெண் வருகிறாள். சட்டத்தரணி இல்லை, காணி, வீடு விஷயத்தில் பெண்களுக்கு உதவச் சட்டப் பயிற்சி எடுத்தவளாம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்களை உட்காரவைத்து, அந்தப் படிவத்தை வரிவரியாக வாசித்துக் காட்டியிருக்கிறாள். முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்த உன் அக்கா, "இதுல எம்பேரு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாளாம். எங்கேயும் இல்லை.

நான் பொறுமையாகவே பேசினேன். "எம்பேருல இருந்தா என்ன, ஓம்பேருல இருந்தா என்ன, ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்னா எம்பேருலயே இருக்கட்டுங்க" என்றாள்.

இதற்குப் பதில் யோசிக்கவே எனக்கு மூன்று நாள் போயிற்று. நாலாம் நாள் அவளே சொன்னாள்: "நம்ம வேலாயிய பாத்தீங்கள்ல? புருசன் போயி ஒரு மாசங்கூட ஆவல, அப்பன் பேருல இருந்த வீடுன்னு மகன் வெளிய அனுப்பிட்டான். இன்னைக்கி மக வீட்டு அடுப்படியில படுக்குறா." நெஞ்சில் ஏதோ தைத்தது உண்மை. ஆனாலும் நான் அசரவில்லை. கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு, என் பெயரையே பதியச் சொல்லக் காலை பஸ்ஸில் பிரதேச செயலகத்துக்கே போனேன். போய்ப் பார்த்தால், உன் அக்காவும் தனுஷிகாவும் எனக்கு முன்னால் வந்து, உட்காரும் வாங்கில் எனக்கும் இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். உத்தியோகத்தர் என்னைப் பார்த்து, "ஐயா தோட்டத்துல பதிஞ்ச தொழிலாளியா?" என்று கேட்டார். பத்தொன்பது வயதிலேயே ரிஸ்வி முதலாளியின் புடவைக் கடைக்கு வேலைக்குப் போனவன் நான், என்ன சொல்ல? "இந்த வீடு அம்மாவோட பதிவுக்குத்தாங்க கெடைச்சிருக்கு" என்றார். அது போதாதென்று, என் அடையாள அட்டையில் சிவசாமி, பிறப்புச் சான்றிதழில் செவசாமி. டயகமவில் யாரைக் கேட்டாலும் என்னைத் தெரியும் என்றேன். "ஊருக்குத் தெரியுங்க. தாளுக்குத் தெரியலையே" என்றார்.

அப்போது தனுஷிகா கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினாள். "ஐயா, சிவசாமி, செவசாமி ரெண்டும் ஒரே ஆளுதான்னு சத்தியக்கடதாசி அடிச்சு வச்சிருக்கேன். கையெழுத்து மட்டும் போடுங்க. உறுதியில உங்க ரெண்டு பேரு பேரும் இருக்கணும்னு மீனம்மா அக்காதான் சொன்னாங்க." உன் அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன்.

ஆக, உறுதி கூட்டாக வரும். அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் முதல் வரியில் மீனம்மா, இரண்டாம் வரியில் நான். தலைவன் இரண்டாம் வரியில் நிற்கலாமா? உன் பேச்சை மட்டும் அவள் தட்டமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வந்து புத்தி சொல்.

பெரியவர்களுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு என் ஆசி, தங்கச்சிக்கு என் விசாரிப்பு.

உன் அன்பு மச்சான்,
சிவசாமி (செவசாமியும் நானே)

பி.கு.: நீ வர வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நாங்களே வருகிறோம். உங்கள் அப்பா விட்டுப்போன மரக்கறித் தோட்டம் எப்படி உன் ஒருவன் பெயருக்கு மாறியது என்று உன் அக்கா இன்று காலை கேட்டாள். தனுஷிகாவும் கூட வருகிறாள். கோப்பை நான் தூக்கி வருகிறேன். காணியில் பெண்கள் பெயரும் இருப்பதுதான் நியாயம் என்பது என் நெடுநாளைய கருத்து. தாள்களை எடுத்து வை.